இன்ச்கெர்ரி சுவரில் ஏறிய பிடில்காரர்

பேருந்து எங்களைப் பார்த்தது. ஆனால் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை பத்து பதினேழுக்கு வர வேண்டியது, பத்து பதினேழுக்கே வந்தது. ஓட்டுநர் எங்களைப் பார்த்துப் புன்னகைத்தார். என் மனைவி கமலாவும் பதிலுக்குப் புன்னகைத்தாள். அதற்குள் பேருந்து வளைவில் திரும்பிவிட்டது.

"என்னங்க, சிரிச்சிட்டுப் போறான்?" என்றாள் கமலா.

எங்கள் முதுகுக்குப் பின்னால், ரோஜாச் செடி வெட்டிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "கையை நீட்ட வேண்டும். நீங்கள் பேருந்தை வேடிக்கை பார்க்க நிற்கிறீர்கள் என்று நினைத்திருப்பான். அடுத்தது ஒரு மணி நேரம் கழித்துத்தான். உள்ளே வந்து தேநீர் குடியுங்கள்."

நெய்வேலியில் நின்றபடி தவறவிட்ட பேருந்து ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. ஓடித் தவறவிட்டவைதான் உண்டு.

எடின்பரோவில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. பேத்தியைப் பார்க்க வந்தோம் என்பது பாதி உண்மை. மீதி என் நோட்டில் இருந்தது. சென்னையையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்த்தால் வரும் தொகையைவிடக் குறைவான மக்களே உள்ள நாடு இது. தொலைபேசி, தொலைக்காட்சி, பெனிசிலின் மூன்றுக்கும் பின்னால் இந்த நாட்டில் பிறந்த ஒருவர் இருக்கிறார். பந்தய ஓட்டுநர்கள், டென்னிஸ்காரர்கள், பாடகர்கள், பிரதமர்கள் என்று அந்தப் பட்டியல் என் நோட்டில் பதினோரு பக்கம் ஓடுகிறது. இது எப்படி முடிந்தது என்று யோசித்து யோசித்து, அவர்களைப் பற்றிப் படிப்பதைவிட, அவர்களை இந்த ஊர்கள் எப்படி நினைவில் வைத்திருக்கின்றன என்று பார்ப்பதே எனக்கு முக்கியம் என்று தோன்றியது.

அதற்குக் காரணம் உண்டு. எங்கள் நகரியம் தன் மனிதர்களை மறந்துவிடும் இடம். ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். மாநில வாலிபால் அணியில் ஆடியவர் இருந்த வீட்டில் அடுத்த மாதம் வேறொருவர் பால்காரரிடம் பேசிக்கொண்டிருப்பார். முன்பிருந்தவர் பெயரைக் கேட்டால், "பத்தாம் பிளாக்குல இருந்தாரே, கார்னர் குவார்ட்டர்ஸ்" என்பார்கள். சுரங்கத்தின் டைம் ஆபீஸில் வருகைப் பதிவேடு எழுதியே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவன் நான். இப்போது நகரியத்தில் வளர்ந்து பெயர் பெற்றவர்களை நாள், கிழமை தவறாமல் எழுதி வருகிறேன். ஃபைஃப் பகுதியில் இன்ச்கெர்ரி என்ற பழைய நிலக்கரி ஊரில், உள்ளூரில் பிறந்து பெயர் பெற்றவர்களுக்கென்று ஒரு சுவரே இருக்கிறது என்று மகள் சொன்னாள். நான்கு நாள் தங்கிப் பார்த்துவிட்டு வருவதென்று கிளம்பினோம். ஊர் ஓரத்து ரயில் நிலையத்தில் இறங்கி, ஊருக்குள் போகக் காத்திருந்தபோதுதான் அந்தப் பேருந்து நிற்காமல் போனது.

ரோஜாத் தோட்டத்து மூதாட்டியின் பெயர் ஜீன். எண்பதை நெருங்குபவர். தேநீரோடு உருளைக்கிழங்கு மாவில் தட்டிய ஒரு ரொட்டியைக் கல்லில் சுட்டுக் கொடுத்தார். உப்பும் வெண்ணெயும் மட்டும்தான் சேர்மானம். கமலா இரண்டாவதைக் கேட்டே வாங்கினாள். பதிலுக்குப் பையிலிருந்து பண்ருட்டி முந்திரிப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். ஜீன் ஒன்றை வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "இது முழுவதும் எனக்கா?" என்று கேட்டார்.

சுவரைப் பார்க்க வந்திருக்கிறோம் என்றதும் அவர் முகம் மாறியது. சுவரில் ஏறாத ஒரு மனிதரைப் பற்றி அவர் சொன்னார். அது ஜீனின் அப்பா, அலெக். சுரங்கத் தொழிலாளி, பிடில் வாசிப்பவர். இந்தப் பகுதியில் எந்தக் கல்யாணத்திலும் கடைசி நடனத்துக்கு வாசிக்கும் மெட்டு, ஜீன் பிறந்த வருடம் அவர் போட்டதாம். ஆனால் அது சுவரில் ஒரு இசைக்குழுத் தலைவரின் பெயருக்குக் கீழே இருக்கிறது.

"திங்கட்கிழமை மதியம் சுவர்க் குழு கூடுகிறது. செவ்வாய்க்கிழமை கல் செதுக்குபவர் வருகிறார். ஐந்து வருடத்துக்கு ஒரு முறைதான் பெயர் ஏற்றுவார்கள்" என்றார் ஜீன். "அடுத்த ஐந்து வருடம் நான் காத்திருக்க முடியாது. என்னைப் பார்த்தாலே தெரியும்."

அடுத்த பேருந்துக்குக் கமலா இரண்டு கையையும் நீட்டினாள்.

சுவர் இருப்பது சுரங்கத் தொழிலாளர் கட்டிய பழைய மன்றத்தில். கறுப்புக் கல்லில் வெள்ளை எழுத்து. ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஒரே ஒரு வரி. விரல் இரண்டைச் சுரங்கத்தில் இழந்த பிறகும் நாட்டு அணிக்குக் கோல் காத்தவர். நிலக்கரியில் கல் பொறுக்கும் வேலை பார்த்து, பிறகு நாடாளுமன்றம் போய், முதல் உரையில் தொழிலாளிகளுக்குக் குளியலறை கேட்ட பெண்மணி. ஆப்பிரிக்காவில் கண் மருத்துவம் செய்தவர். கடல் நீந்தியவர். பார்வையில்லாத அக்கார்டியன் கலைஞர். பாலம் கட்டியவர். நாடாளுமன்றம் போனவருக்கும் கோல்கீப்பருக்கும் எழுத்து ஒரே உயரம். நான் என் விரலை வைத்து அளந்தே பார்த்தேன். நம் ஊரில் ஒரு பூங்காத் திறப்புக் கல்வெட்டில்கூட அமைச்சர் பெயர் ஒரு சாண், மற்றவர் பெயர் ஒரு விரற்கடை.

அதைவிட என்னை மயக்கியது அவர்கள் வைத்திருந்த விதி. ஒரு வரியைச் செதுக்க வேண்டுமானால் அதற்கு எழுத்தில் இரண்டு சாட்சி வேண்டும். எதிராக மூன்றாவது ஒரு தாள் இருந்தால் வரி ஏறாது. வாய்ச்சொல், குடும்பக் கதை, செல்வாக்கு எதுவும் செல்லாது. எனக்குப் பிடித்த ஊர் இது என்று அந்த நிமிடமே முடிவு செய்தேன்.

மதியம் பருப்பு சூப். புளியும் மிளகாயும் மறந்துபோன சாம்பார் போல இருந்தது. இரவு ஒன்பதரைக்கும் வெயில் அடித்தது. திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தூங்கினோம்.

சனிக்கிழமை காலை தங்கும் விடுதியில் ஓட்ஸ் கஞ்சி. சர்க்கரை வேண்டுமா என்று கேட்காமல் உப்புப் போட்டே கொடுத்தார்கள். கேழ்வரகுக் கூழுக்குப் பழகிய நாக்குக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. ஊறுகாய்தான் இல்லை.

நூலகத்துக்குப் போனபோது ஜீனும் வந்திருந்தார். நூலகர் ஃபியோனாதான் சுவர்க் குழுவின் செயலாளர். நான் சுரங்கத்தின் டைம் ஆபீஸில் இருந்தவன் என்று ஜீன் சொன்னதும், ஃபியோனா நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார்.

"உங்களைப் போல ஒருவரைத்தான் ஆறு மாதமாகத் தேடுகிறோம். எங்கள் ஊரில் அந்த வேலை பார்த்தவர்கள் யாரும் இப்போது இல்லை."

அலெக்குக்கு ஆதரவான இரண்டு தாள்களையும் மேசையில் வைத்தார். ஒன்று, ஒரு சனிக்கிழமை நடன நிகழ்ச்சியின் அச்சிட்ட நிரல். கடைசி நடனத்துக்கு நேரே, "அலெக்கின் புதியது, அவரே வாசித்தார்" என்று பென்சிலில் எழுதியிருந்தது. இரண்டாவது, மன்றத்தின் நடவடிக்கைக் குறிப்பு. புது மெட்டுக்காக அலெக்குக்கு நன்றி சொல்லியிருந்தார்கள்.

பிறகு எதிரான தாள். தாள் அல்ல, அட்டை கனத்த ஒரு புத்தகம். சுரங்கத்தின் அந்த வருட வருகைப் பதிவேடு. பார்த்ததும் என் கை தானாகவே அதை என் பக்கம் திருப்பிக்கொண்டது. ஆளுக்கு ஒரு வரி. பெயருக்குப் பக்கத்தில் எந்த ஷிஃப்ட் என்று ஓர் எழுத்து. வாரத்துக்குத் திங்கள் முதல் சனி வரை ஆறு கட்டம். வேலைக்கு வந்தால் ஒரு சாய்கோடு. அலெக் வருடம் முழுவதும் இரவு ஷிஃப்ட். அந்தச் சனிக்கிழமைக் கட்டத்தில் சாய்கோடு தெளிவாக இருந்தது.

"நடனம் மாலை ஏழிலிருந்து பதினொன்றே முக்கால் வரை. இரவு ஷிஃப்ட் பத்து மணிக்கு. அவர் சுரங்கத்துக்குள் இருந்தாரா, மன்றத்தில் வாசித்தாரா?" என்றார் ஃபியோனா. "இதில்தான் குழு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. நள்ளிரவைத் தாண்டும் ஷிஃப்டை எந்த நாளில் எழுதுவீர்கள்? தொடங்கும் நாளிலா, முடியும் நாளிலா?"

நான் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "தொடங்கும் நாளில். சனிக்கிழமை இரவு பத்துக்கு இறங்கி ஞாயிறு காலை ஆறுக்கு ஏறினால் அது சனிக்கிழமைக் கணக்கு. வேலைக்காலம் முழுவதும் நான் அப்படித்தான் எழுதினேன்."

ஃபியோனா அதை அப்படியே எழுதிக்கொண்டார். எழுதி முடித்த பிறகுதான் நான் சொன்னது என்ன என்று எனக்கே உறைத்தது. ஜீன் மெதுவாகத் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"என் அம்மாவைக் கடையில் வைத்துக் கேலி செய்வார்கள். உன் புருஷன் பிடில் வாசித்துக்கொண்டே ஷிஃப்ட் பார்த்தானா என்று. இப்போது வெளியூர்க்காரரும் அதையே சொல்லிவிட்டார்." என்னைப் பார்த்துத் தலையசைத்தார். "உண்மையைச் சொன்னதற்கு நன்றி."

போய்விட்டார். கதவை மெதுவாகத்தான் சாத்தினார்.

கடற்கரையில் வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். கமலா அதில் வினிகர் தெளித்துக்கொண்டே இருந்தாள். மூன்று தடவை தெளித்த பிறகு பேசினாள்.

"வந்த எடத்துல வாய வச்சிகினு சும்மா இருக்க முடியாதா உங்களால?"

"கேட்டாங்க, சொன்னேன். பொய்யா சொல்ல முடியும்?"

"நம்ம மைன்ஸ் கத இவங்க மைன்ஸுக்கு எப்படிப் பொருந்தும்? அத ஒரு வார்த்த கேட்டீங்களா? டைம் ஆபீஸ்னா ஒலகத்துக்கே டைம் ஆபீஸா?"

மீன் துண்டைக் கையில் எடுத்தேன். ஒரு கடற்பறவை வந்து என் மீனில் பாதியைத் தூக்கிக்கொண்டு போனது. கமலா அதைத் துரத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊர் ஓய்ந்து கிடந்தது. காலையில் ஜீன் தேவாலயத்துக்கு எங்கள் ஜன்னலைத் தாண்டி நடந்தார், திரும்பிப் பார்க்கவில்லை. மதியம் மூன்று மணிக்கு, நெய்வேலியில் ஏழரை ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டு, மூர்த்திக்குப் போன் செய்தேன். தட்சிணாமூர்த்தி குறிஞ்சிப்பாடி பக்கத்துக்காரர். சுரங்கத்தில் எக்ஸ்கவேட்டர் ஓட்டியவர். அவருடைய வருகையை நான் இருபது வருடத்துக்கு மேல் எழுதியிருக்கிறேன். மனம் சரியில்லை என்றால் நான் கூப்பிடுவது அவரைத்தான்.

"என்னா சார், வெள்ளக்காரனுக்கு அட்டண்டன்ஸ் போட்டுகினு இருக்கீங்களாமே? அம்மா எங்க வூட்டுக்கு நேத்தே போன் பண்ணிட்டாங்க."

கமலாவைப் பார்த்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

முழுவதையும் சொன்னேன். வெள்ளிக்கிழமை தேநீரின்போது ஜீன் சொன்ன ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சொன்னேன். ஞாயிறு பிறக்கும்போது பிடில் ஒலிக்கக் கூடாது என்று, அந்தக் காலத்தில் சனிக்கிழமை நடனத்தை நள்ளிரவுக்குக் கால் மணி முன்பே நிறுத்திவிடுவார்களாம். ஞாயிறு என்றால் சுரங்கம் முதல் சலூன் வரை எல்லாவற்றுக்கும் பூட்டு.

"இருங்க சார், இருங்க. ஞாயித்துக்கெழம மைன்ஸே கெடையாதா?"

"கிடையாதாம்."

"எல்லாருக்கும் ஒரே நாள்ல ஆஃபா? நல்லாத்தான் இருந்திருக்கானுவ. நமக்கு மெஷின் நிக்காது, ஆளுக்கு ஒரு நாள் ஆஃபு. எனக்கு செவ்வாக்கெழமதான் ஞாயித்துக்கெழம." சிரித்துவிட்டு நிறுத்தினார். "அப்ப சனிக்கெழம நைட்டு எறங்கினவன் எப்பிடி சார் ஏறுவான்? ஞாயித்துக்கெழம காலைல லிஃப்ட்டு ஓட்ட எவன் இருப்பான்?"

நான் போனைக் காதில் வைத்தபடியே எழுந்து நின்றுவிட்டேன்.

"சார்? லைன்ல இருக்கீங்களா? காசு ஓடிகினு இருக்கு உங்களுக்கு."

சனிக்கிழமைக் கட்டத்தில் இருந்தது வெள்ளிக்கிழமை இரவு இறங்கி, சனிக்கிழமை காலை ஏறிய ஷிஃப்டாக இருக்க வேண்டும். முடியும் நாளில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் "இருக்க வேண்டும்" என்பது சுவரில் செல்லாது. அதற்குப் பதிவேட்டிலேயே சாட்சி வேண்டும். அது எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு கட்டத்தைப் பார்த்தால் போதும். அன்று நூலகம் விடுமுறை.

திங்கட்கிழமை காலை பத்துக்கு நூலகம் திறக்கும்போது நான் வாசலில் நின்றேன். ஃபியோனா பதிவேட்டைக் கொடுத்தார். இரவு ஷிஃப்ட்காரர்களின் வரிகளை மட்டும் பார்த்தேன். முதல் வாரம், திங்கட்கிழமைக் கட்டம் காலி. அலெக் மட்டுமல்ல, இரவு ஷிஃப்ட்டில் இருந்த அத்தனை பேருக்கும் காலி. இரண்டாவது வாரம், அதேதான். இருபது பக்கம் புரட்டினேன். திங்கள் எப்போதும் காலி. சனி எப்போதும் சாய்கோடு.

தொடங்கும் நாளில் எழுதியிருந்தால் திங்கள் இரவு வேலை திங்களில் விழுந்திருக்கும், சனி காலியாக இருந்திருக்கும். இங்கே நேர்மாறாக இருந்தது. ஞாயிறு இரவு யாரும் இறங்கவில்லை, அதனால்தான் திங்கள் காலி.

"இந்தக் காலிக் கட்டங்களை நீங்கள் பார்க்கவில்லையா?" என்று ஃபியோனாவிடம் கேட்டேன்.

அவர் முகம் சிவந்தது. "பார்த்தோம். சனிக்கிழமை குடித்தது தெளியாமல் திங்கட்கிழமை வேலைக்கு வரவில்லை என்று நினைத்தோம். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுற்றிக்காட்டும்போது பத்து வருடமாக அதை ஒரு நகைச்சுவையாகச் சொல்லிவருகிறேன்." இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். "எங்களைப் பற்றி நாங்களே எவ்வளவு மோசமாக நினைத்திருக்கிறோம் பாருங்கள்!"

மதியம் இரண்டு மணிக்கு மன்றத்தில் குழு கூடியது. ஐந்து பேர். பின் வரிசையில் ஜீன், கோட்டுப் பொத்தானைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். கமலா போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் எழுந்து, சனிக்கிழமை சொன்னது தவறு என்றேன். எங்கள் சுரங்கம் வருடம் முழுவதும் நிற்காது, விடுமுறை ஆளுக்கு ஒரு நாள், எல்லாச் சுரங்கமும் அப்படித்தான் என்று எண்ணிவிட்டேன் என்றேன்.

டக்ளஸ் என்ற ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் மூக்குக்கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "சனிக்கிழமையும் இதே உறுதியோடு சொன்னீர்களாமே?"

"சொன்னேன். அதனால் இன்று நான் சொல்வதை நம்ப வேண்டாம். புத்தகத்தைப் பாருங்கள்."

அவர் பார்த்தார். பத்துப் பதினைந்து பக்கங்கள், ஒவ்வொரு வரியாக, பென்சில் முனையால் தொட்டுத் தொட்டு. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. பெரிய மனிதர்களைப் பெற்ற ஊர் என்று இதை எழுத வந்தவன் நான். ஒரு சுரங்கத் தொழிலாளியின் ஒரு சனிக்கிழமைக்காக ஐந்து பேர் அரை மணி நேரம் மௌனமாக உட்கார்ந்திருந்த அந்த மதியத்தைத்தான் என் நோட்டின் முதல் பக்கத்துக்கு மாற்றப்போகிறேன்.

டக்ளஸ் கண்ணாடியைக் கழற்றினார். "திங்கள் எல்லாம் காலி. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மேலே வந்துவிட்டார். பகலெல்லாம் தூங்க நேரம் இருந்திருக்கிறது. எதிர்த்தாள் இப்போது எதிர்த்தாள் இல்லை."

ஐந்து கைகள் உயர்ந்தன. அலெக், சுரங்கத் தொழிலாளி, பிடில் கலைஞர். கீழே மெட்டின் பெயர். இசைக்குழுத் தலைவர் சுவரில் இருப்பார், அந்த மெட்டு மட்டும் இடம் மாறும்.

ஜீன் அழுவார் என்று நினைத்தேன். அவர் முன்னால் வந்து, "அந்தப் புத்தகத்தை நான் பார்க்கலாமா?" என்றார். இத்தனை நாளும் அது அவருக்கு எதிரான புத்தகம், அதனால் திறந்து பார்த்ததே இல்லையாம். ஃபியோனா நாற்காலியை இழுத்துப் போட்டார். அப்பாவின் வரி எது என்று நான் காட்டினேன்.

முதல் வாரத்திலிருந்து தொடங்கினார். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி என்று உதடு அசைந்தது. கமலா பக்கம் திருப்பினாள். அந்த மாதிரிச் சாய்கோடுகளை வாழ்நாளில் நான் எத்தனை போட்டிருப்பேன் என்று தெரியாது. ஒருவருடைய மகள் உட்கார்ந்து அதைப் படிப்பாள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

"ஒரு நாள்கூட மட்டம் போடவில்லை, பாருங்கள்" என்றார் டக்ளஸிடம். டக்ளஸ் தலையாட்டினார்.

வசந்த காலப் பக்கங்களில், ஒரு வியாழக்கிழமைக் கட்டத்தில் ஜீனின் விரல் நின்றது. அங்கே சாய்கோடு இல்லை. திங்கள் அல்லாத காலிக் கட்டம் அதுவரை அது ஒன்றுதான். ஃபியோனா என்னைப் பார்த்தார். நான் குனிந்து கட்டத்தை மறுபடி பார்த்தேன். அது புதன்கிழமை இரவு அலெக் வேலைக்குப் போகாத நாள்.

ஜீன் பக்கத்தின் தலைப்பில் இருந்த தேதியைப் பார்த்தார். வியாழக்கிழமை வரை விரல் விட்டு எண்ணினார். மறுபடி ஒரு முறை எண்ணினார்.

"விடியற்காலை நாலு மணிக்கு என்று அம்மா சொல்வார்" என்றார். பிறகு கமலாவின் கையைப் பிடித்து இழுத்து, அந்தக் காலிக் கட்டத்தின் மேல் வைத்தார்.

"இது நான்."